வணிக வழக்கு நடத்தும் தொழில்: சென்னையில் தொடங்கும் இளம் வழக்கறிஞருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூனியராகச் சேர வருகிறவர்களில் பெரும்பாலானோர், நீதிமன்றத்தில் எப்படி வாதாடுவது என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்கள் கையில் முதல் நாள் கொடுப்பது ஒரு நாட்காட்டியும் ஒரு கட்டு விலைப்பட்டியலும் தான். வணிக வழக்கில் தேதிகளையும் தாள்களையும் ஒழுங்காக வைத்திருப்பவரின் வாதம் தானாகவே சுருங்கிக் கூர்மையாகிவிடும் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. ஆகவே இந்த வழிகாட்டி வாதத் திறமையைப் பற்றிக் குறைவாகவும் தாள்களைப் பற்றி அதிகமாகவும் பேசும்.

முதல் படி: பதிவும் அலுவலகமும்

சட்டப் படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். இவை எல்லோரும் கடந்து வரும் சம்பிரதாயங்கள். எந்த சீனியரிடம் சேர்வது என்பதுதான் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு.

சென்னையில் வணிக வழக்குகளைக் கற்க வருபவருக்கு ஒரு வசதி உண்டு. 1862இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரத்துடன், வழக்குகளை முதல் கட்டத்திலேயே நேரடியாக விசாரிக்கும் அசல் அதிகாரமும் இருக்கிறது. பெரிய தொகை வழக்கில் வழக்குரை தாக்கல், சாட்சி விசாரணை, தீர்ப்பு ஆகிய மூன்றையும் அந்தச் சிவப்புக் கட்டட வளாகத்துக்குள்ளேயே ஒரு ஜூனியர் பார்த்துவிடலாம். இந்த வாய்ப்பு நாட்டின் பெரும்பாலான உயர்நீதிமன்றங்களில் இல்லை. ஆகையால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்தில் அலுவலகம் தேடும்போது, பெயர் பெரிதா என்பதைவிட அங்கே அசல் தரப்பு வழக்குகளும் நடுவர் தீர்ப்பாய (ஆர்பிட்ரேஷன்) வழக்குகளும் எத்தனை நடக்கின்றன என்று விசாரியுங்கள். மாதப் பணத்தைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்கப்பட வேண்டும் என்று உயர்நீதிமன்றமே 2024இல் கூறியிருக்கிறது. நடைமுறை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதல் ஆறு மாதங்கள் அலுவலகக் குமாஸ்தாவை விட்டு அகலாதீர்கள். தாக்கல் செய்த தாளுக்கு எஸ்.ஆர். எண் (வழக்கு எண் கிடைக்கும் வரையிலான தற்காலிக எண்) விழுவது, குறை கண்டு ரிட்டர்ன் ஆவது, திருத்தி மறுபடியும் சமர்ப்பிப்பது, பிறகு வழக்கு எண்ணாவது என்ற பாதையை அவரளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். என் இரண்டாம் ஆண்டில், ரிட்டர்ன் ஆன ஒரு மனுவைத் திருத்தி அடுக்கில் வைத்துவிட்டு மறந்தேன். மறுசமர்ப்பிப்புக்கான கெடு கடந்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் போட வேண்டியதாயிற்று. சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பத்திரத்தை என்னையே எழுதச் சொன்னார். அன்று முதல் ரிட்டர்ன் தாள்களுக்குத் தனிப் பதிவேடு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் படி: கட்சிக்காரரின் முதல் வருகை

இனி வரும் படிகளை விளக்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று, கிண்டியில் பதிவு அலுவலகமும் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையும் கொண்ட ஒரு கம்பெனிக்குச் சரக்கு அனுப்பியது. 13 விலைப்பட்டியல்களுக்கு 48 லட்சம் ரூபாய் வரவில்லை. விலைப்பட்டியல் தேதியிலிருந்து 60 நாள் கடன் தவணை. உரிமையாளர் 2025 மே மாதக் கடைசியில் உங்களிடம் வருகிறார்.

வந்தவர் கதை சொல்வார்; கேளுங்கள். ஆனால் மேசை மேல் விரிக்க வேண்டியவை கொள்முதல் ஆணை, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகள், ஜிஎஸ்டி விலைப்பட்டியல்கள், டெலிவரி சலான்கள், இரு தரப்புப் பேரேடு, மின்னஞ்சல்கள் ஆகியவை. ஒவ்வொரு சலானையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாங்கியவரின் தொழிற்சாலை வாசலில் குத்திய உள்வரவு முத்திரை இருக்கிறதா, அதில் தேதியும் கையெழுத்தும் தெளிவாக உள்ளனவா என்பதை விலைப்பட்டியல் எண்ணுக்கு நேராக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 13இல் 11 சலான்களில் முத்திரை நன்றாக இருக்கும். ஒன்றில் மை கலைந்திருக்கும். ஒன்று காணாமலே போயிருக்கும். பிரதிவாதியின் வழக்கறிஞர் கை வைக்கப்போவது அந்த இரண்டில்தான்.

பிறகு கட்சிக்காரருக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்க வேண்டும்: "அவங்க டெபிட் நோட் ஏதாவது அனுப்பினாங்களா?" பெரும்பாலும், "அது சும்மா கணக்குக்கு அனுப்பினது சார், நாங்க ஏத்துக்கல" என்று பதில் வரும். தரக்குறைவு என்று சொல்லி 3,10,000 ரூபாயைக் கழித்த அந்தத் தாளும், அதை மறுத்து இவர் பதில் எழுதினாரா என்பதும் முதல் நாளே உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எதிரியின் எதிர்வழக்குரையில் அதை முதன்முதலாகப் படிக்கும் நிலை வரக் கூடாது.

அடுத்தது காலவரம்பு. தவணை குறித்து விற்ற சரக்கின் விலைக்கு, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் சொல்கிறது. நம் முதல் விலைப்பட்டியலின் தேதி 12.5.2022 என்றால் தவணை 11.7.2022 அன்று முடிகிறது, 11.7.2025க்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். கையில் இருப்பது ஆறு வாரம். தொடர் கணக்குதானே, கடைசிப் பட்டியலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று கட்சிக்காரரும் சில சமயம் அவருடைய ஆடிட்டரும் சொல்வார்கள். இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோரிக்கை எழும் பரஸ்பரக் கணக்காக இருந்தால்தான் அது பொருந்தும்; ஒருவர் விற்க மற்றவர் வாங்கியதோடு நிற்கும் கணக்கில் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனிக் காலக்கெடு. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு வாங்கியவர் கையெழுத்திட்ட நிலுவை உறுதிக் கடிதம் ஒன்று கிடைத்தால், அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாக ஓடும்.

கட்டணத்தையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் பேசி முடியுங்கள். வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்ற ஏற்பாட்டுக்கு இந்திய பார் கவுன்சில் விதிகளில் இடமில்லை. கட்சிக்காரரே முன்வந்து சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

இளம் வழக்கறிஞர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரே நிலுவைத் தொகைக்கு ஐந்து வழிகள் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு.

கொள்முதல் ஆணையில் நடுவர் தீர்ப்பாய நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை மறந்து வழக்குப் போட்டால், பிரதிவாதி தன் முதல் பதிலுரைக்கு முன் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பாயம் மற்றும் சமரசச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் மனுச் செய்து உங்களை வெளியே அனுப்பிவிடுவார். அடுத்ததாக, கட்சிக்காரர் குறு, சிறு நிறுவனமாக உதயம் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வசதி மன்றத்தில் முறையீடு, தீர்ப்பை எதிர்ப்பவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிய பிறகே எதிர்க்கலாம் என்ற பாதுகாப்பு என்று, விற்பவருக்கு இதைவிடச் சாதகமான சட்டம் இல்லை. ஆனால் சரக்கு அனுப்பிய பிறகு செய்த பதிவு பழைய பட்டியல்களுக்கு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் கூறிவிட்டது. நம் அம்பத்தூர்க்காரர் 2024இல்தான் பதிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தீர்ப்பின்படி அந்தக் கதவு மூடிவிட்டது.

காசோலை திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற முறையீடு செய்யலாம். வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு, எதிரிக்கு 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் முறையீடு என்ற வரிசையில் ஒரு நாள் பிசகினாலும் சிக்கல். என்சிஎல்டிக்கு (தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) போய் எதிரியைத் திவாலாக்கிவிடலாம் என்று சில கட்சிக்காரர்கள் ஆசைப்படுவார்கள். அதற்குக் குறைந்தபட்ச நிலுவை 2020 மார்ச் முதல் ஒரு கோடி ரூபாய். அதோடு, அறிவிப்புக்கு முன்பே உண்மையான தகராறு இருந்திருந்தால் மனு நிற்காது என்று 2017ஆம் ஆண்டு மொபிலாக்ஸ் தீர்ப்பு சொல்கிறது. 48 லட்சமும் ஒரு டெபிட் நோட்டும் கொண்ட நம் வழக்கு இரண்டு தடையிலும் விழும்.

மிஞ்சுவது 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்படியான பண வழக்கு. தொடக்கத்தில் ஒரு கோடியாக இருந்த குறைந்தபட்ச மதிப்பு, 2018 மே முதல் மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டது. மதிப்பு மட்டும் போதாது. தகராறு அச்சட்டத்தின் 2(1)(சி) பிரிவில் உள்ள பட்டியலில் அடங்க வேண்டும். சரக்கு விற்பனை அடங்கும். நண்பருக்குக் கொடுத்த கைமாற்று அடங்காது. நிலம் பற்றிய ஒப்பந்தமானால், அது உண்மையிலேயே வணிகப் பயன்பாட்டில் இருக்கும் சொத்தா என்று பார்க்க வேண்டும். சென்னையில் மதிப்பைப் பொறுத்து வழக்கு நகரின் வணிக நீதிமன்றத்துக்கோ உயர்நீதிமன்றத்தின் வணிகப் பிரிவுக்கோ போகும். இந்தப் பண எல்லை அவ்வப்போது திருத்தப்படுவதால், தாக்கல் செய்யும் வாரத்தில் அறிவிக்கையை எடுத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஆள்வரை எல்லை, அதாவது எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது, குறித்தும் ஒரு சொல். விலைப்பட்டியலின் அடியில் "இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது" என்ற வரி இருந்தால் அலட்சியம் வேண்டாம். சேலத்தில் போட்ட வழக்குக்கு எதிராக, குஜராத்தின் கைரா ஊர்ப் பெயர் கொண்ட நிபந்தனையைக் காட்டி எழுந்த ஏபிசி லாமினார்ட் வழக்கில், மற்ற ஊர்களை விலக்கும் சொல் அதில் இல்லாததால் சேலம் வழக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியது. ஆனால் 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், "மட்டும்" என்ற சொல் இல்லாததே முடிவைத் தீர்மானிக்காது என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டும் ஜூனியர்களை இன்றும் பார்க்கிறேன்.

நான்காம் படி: வழக்குக்கு முன் சமரசம்

அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்கை, வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி சட்டப் பணிகள் ஆணைக் குழு வழியாகச் சமரசத்துக்கு முயன்ற பிறகே தாக்கல் செய்ய முடியும். இது கட்டாயம் என்றும், மீறித் தாக்கலாகும் வழக்குரையை 20.8.2022 முதல் நீதிமன்றம் தானாகவே நிராகரிக்கலாம் என்றும் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு உறுதி செய்தது. தப்பிப்பதற்காக ஒரு தடையாணை மனுவை ஒட்டவைக்கும் தந்திரத்தையும் 2023இல் யாமினி மனோகர் வழக்கு அடைத்துவிட்டது. அவசரம் உண்மையா, வேடமா என்று நீதிபதி வழக்குரையைப் படித்தே பார்ப்பார்.

நம் வழக்கில் இந்தப் படி சுமையாகத் தோன்றினாலும் உதவியாகவே அமையும். சமரச நடைமுறையில் கழியும் காலம் காலவரம்பில் சேராது. எனவே ஜூன் முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட்டால் ஜூலை 11 என்ற நெருக்கடி தளர்கிறது. எதிரி வராவிட்டால் சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கை கிடைக்கும். அதை வழக்குரையுடன் இணைக்க வேண்டும். வந்தால், மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் இரண்டு மாதம். டெபிட் நோட்டை விட்டுக்கொடுத்து 45 லட்சத்துக்கு இங்கேயே முடித்தால், அந்த உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலிமை உண்டு. நான் கட்சிக்காரரிடம் அதைத்தான் பரிந்துரைப்பேன். சமரசத்தில் முடிக்கும் வழக்கறிஞருக்குக் கட்டணம் குறையும் என்ற பேச்சு உண்டு. அந்தக் கட்சிக்காரர் அடுத்த ஆண்டு அழைத்துவரும் இருவரைக் கணக்கில் எடுக்காதவர்கள் சொல்வது அது.

ஐந்தாம் படி: வழக்குரை

வணிக வழக்குரை சாதாரணப் பண வழக்கின் வழக்குரையைப் போன்றதல்ல. வட்டி கேட்டால் எந்த ஒப்பந்தத்தின் அல்லது சட்டத்தின் கீழ், எந்த விகிதத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எவ்வளவு என்பதையும், வழக்குத் தாக்கலுக்குப் பின் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். உண்மைக்கான உறுதிமொழியில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் இருக்க வேண்டும். கைவசமுள்ள சம்பந்தப்பட்ட ஆவணங்கள் அனைத்தையும், பாதகமானவற்றையும் சேர்த்து, அசலா நகலா என்று குறிப்பிட்டுப் பட்டியலிட வேண்டும். விட்டுப்போனதைப் பின்னால் கொண்டுவர, தகுந்த காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டியிருக்கும். டெபிட் நோட்டை நீங்களே பட்டியலில் சேர்த்து, அதை ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு பத்தியில் எழுதிவிடுங்கள். எதிரி வெடிகுண்டு போல வைத்திருந்தது நமத்த பட்டாசாகிவிடும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் தகவல்களை நம்பினால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் தேவை. 1.7.2024 முதல் அது இரண்டு பகுதிகளாக உள்ளது. ஒன்று தரப்பினருக்கு, மற்றொன்று நிபுணருக்கு, ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு). விசாரணைத் தொடக்கத்தில் தேடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அதற்குள் கட்சிக்காரரின் கணக்காளர் கைப்பேசியை மாற்றிவிட்ட கதைகள் ஏராளம்.

நீதிமன்றக் கட்டணத்தைக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 48 லட்சத்துக்கு 1,44,000 ரூபாய். வழக்கு நடுவில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தாலும் கட்டணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்று மெட்ராஸ் உயர்நீதிமன்றம் எடுத்த நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றது.

ஆறாம் படி: பிரதிவாதியின் 120 நாள்

நீங்கள் பிரதிவாதிக்கு ஆஜராகும் நாளும் வரும். அழைப்பாணை சார்வான, அதாவது கட்சிக்காரர் கைக்கு வந்து சேர்ந்த, நாளை அப்போதே நாட்காட்டியில் வட்டமிடுங்கள். எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீதிமன்றம் காரணம் பதிவு செய்து நீட்டித்தால் மொத்தம் 120 நாள். அதன் பின் அந்த உரிமையே போய்விடும் என்று 2019ஆம் ஆண்டு எஸ்சிஜி காண்ட்ராக்ட்ஸ் தீர்ப்பு சொல்கிறது. சாதாரண உரிமையியல் வழக்கில் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் விழுவது இங்கேதான். வெறுமனே "மறுக்கப்படுகிறது" என்றும் எழுத முடியாது. ஏன் மறுக்கிறோம், நம் தரப்பு விவரம் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

வாதி தரப்பில் இருந்தால் இந்தக் காலத்தில் சும்மா இருக்காதீர்கள். எதிரிக்கு உண்மையான தற்காப்பு இல்லையென்று கருதினால், எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வரையப்படுமுன், சாட்சி விசாரணையின்றித் தீர்ப்புக் கோரும் மனுவை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஏ ஆணைப்படி போடலாம். முத்திரை தெளிவாக உள்ள 11 பட்டியல்களுக்கு இது நியாயமான முயற்சி. தீர்ப்புக்கு முன் சொத்தை முடக்கக் கோருவது வேறு விஷயம். எதிரி சொத்தை மறைக்கிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், கடன் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

ஏழாம் படி: சாட்சி விசாரணை

வழக்கு மேலாண்மை அமர்வில் நீதிபதி தேதிகளை வரிசையாகக் குறிப்பார். அந்த முதல் அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதங்கள் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் நீளும், ஆனால் நீள்வதற்குக் காரணமானவராக நீங்கள் இருந்தால் செலவுத் தொகை உங்கள் கட்சிக்காரர் தலையில் விழும்.

உயர்நீதிமன்ற அசல் தரப்பில் சாட்சியம் பெரும்பாலும் கூடுதல் மாஸ்டர் என்ற நீதிமன்ற அதிகாரி முன் பதிவாகும். ஜூனியர் ஒருவர் முதன்முதலில் சொந்தமாகக் குறுக்கு விசாரணை செய்ய ஏற்ற இடம் அது. எதிரியின் கொள்முதல் மேலாளர் கூண்டில் நிற்கிறார் என்று கொள்ளுங்கள். "சரக்கு மட்டமானது என்பது பொய்தானே?" என்று கேட்டால் அவர் இல்லை என்பார், அதோடு முடிந்தது. அதற்குப் பதிலாக, டெபிட் நோட்டில் சொல்லப்பட்ட உதிரிபாகம் எந்தத் தேதியில் வாசலுக்குள் வந்தது, தரப் பரிசோதனை அறிக்கையின் தேதி என்ன, நிராகரித்த சரக்கைத் திருப்பி அனுப்பிய சலான் எங்கே, அந்தப் பட்டியலுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திருப்பி அனுப்பிய சலான் இல்லை, வரி வரவு மட்டும் எடுத்திருக்கிறோம் என்று பதிவானதும் உட்கார்ந்துவிட வேண்டும். மேலும் ஒரு கேள்வி கேட்டு, அவருக்கு விளக்கம் சொல்ல வழி திறந்துவிடுவது இளமைக்கே உரிய தவறு.

எழுத்து வாதத்தை வாய்மொழி வாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். பத்துப் பக்கத்துக்குள் அடக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் நேரே சான்றாவண எண்ணைக் குறியுங்கள். வாதம் முடிந்த 90 நாளுக்குள் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

எட்டாம் படி: தீர்ப்பாணையைப் பணமாக்குவது

நிறைவேற்றத்தை முதல் நாளிலிருந்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். வழக்குத் தாக்கலுக்கு முன்பே கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எதிரிக் கம்பெனியின் சொத்துகள் மீது எந்த வங்கிக்குப் பிணைப் பொறுப்பு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் இயந்திரங்கள் எல்லாம் வங்கியிடம் அடமானத்தில் இருந்தால், அவற்றை ஜப்தி செய்து உங்களுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. அடமானம் இல்லையென்றாலும் அவை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதால், சென்னை நீதிமன்றத் தீர்ப்பாணையை அங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றிய பிறகே கைவைக்க முடியும். எதிரிக்குச் சென்னையில் உள்ள வங்கிக் கணக்கும், அவருக்குப் பணம் தர வேண்டிய பெரிய வாடிக்கையாளர்களும் இதைவிட நல்ல இலக்கு. அவர்கள் எதிரிக்குத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்ட உத்தரவு கேட்கலாம். எதிரியின் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லும் மனுவை நிறைவேற்று மனுவுடன் சேர்த்தே போடுங்கள். நிறைவேற்று நடவடிக்கை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்ததை மனுவிலேயே குறிப்பிடுவது நல்லது.

பணம் வந்ததும், தொகை முழுவதும் கிடைத்துவிட்டது (முழுத் திருப்தி) என்று பதிவு செய்யும் குறிப்பைத் தாக்கல் செய்து, சான்றாவணங்களைத் திரும்பப் பெற மனுப் போடுங்கள். அந்த 13 விலைப்பட்டியல்களையும் சலான்களையும் கட்சிக்காரரிடம் எண்ணிக் கொடுத்து, கட்டின் மேலட்டையில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே கோப்பை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டும்.